கட்டில்ல ஒட்டிக்கிட்ட புள்ள

அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்க்கா. முதல்ல இந்த டீயைப் பிடிங்க. சூடு இருக்கையிலயே குடிச்சிரணும், ஆறிப்போனா இந்த ஆஸ்பத்திரி டீயைக் கழுநீர்ப் பானையிலதான் ஊத்தணும்.

அய்யய்யோ, சேலையில கொட்டிட்டேனா? சுட்டிருச்சா? என் கை இப்படித்தான்க்கா, சும்மா இருக்கையிலயே திடீர்னு ஒரு வெட்டு வெட்டும். தீப்பெட்டி ஒட்டி ஒட்டிச் சின்ன வயசிலயே நரம்பு இழுத்துக்கிச்சு. எங்க சாத்தூர்ப் பக்கம் எல்லாப் பொம்பளைக்கும் இருக்கும். எல்லாருக்கும்னும் சொல்ல முடியாது. எனக்கு இருக்கு, எங்க அம்மாவுக்கு இருந்துச்சு. காட்டுங்க, முந்தானையால துடைச்சா போயிரும்.

இங்கிட்டு வந்து உக்காருங்க, இந்த வலது பக்கம். இங்கிட்டுத்தான் காத்து வருது. அங்கிட்டு உக்காந்து நீங்க பேசினா வாய் மட்டும் அசையுது, ஒண்ணும் விளங்கல. வராண்டாவுல எம்புட்டுக் கூட்டம் பாருங்க, ஆளாளுக்குக் கத்துனா எப்படிக் கேக்கும்? ம், இப்பச் சொல்லுங்க.

நாளைக்கா? உங்க மகளுக்கா? கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க, கை வரலைன்னு வெளிய வந்து உக்காந்துட்டீங்க. அதானே? உங்க மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். போன வருசம் இதே பெஞ்சுல இதே மூஞ்சியோட நான் உக்காந்திருந்தேன். அப்ப எனக்கு டீ வாங்கிக் கொடுக்க ஒரு நாதியில்ல.

இந்தா என் மடியில தூங்குறாளே, கனிஷ்கா, இவளுக்கும் அதேதான் வெச்சிருக்கு. பயப்படாமத் தொட்டுப் பாருங்க. இடது பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழ, மேடா இருக்கா? தீப்பெட்டி அளவுதான். வாழ்நாள்ல எத்தனையோ தீப்பெட்டி ஒட்டியிருக்கேன், நான் ஒட்டாத தீப்பெட்டி இது ஒண்ணுதான். இதுலருந்து ஒரு கம்பி தோலுக்கு அடியிலயே கழுத்துக்குப் போகுது. கழுத்துல ஒரு நரம்பு இருக்காம், நேரா மூளைக்குப் போறது. அந்த நரம்பை இந்த மெஷினு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா லேசாத் தட்டிக் கொடுக்கும். தூங்காத புள்ளையை முதுகுல தட்டுவோம்ல, அப்படி. மூளைக்குள்ள கூத்தாடுற கரண்டு கொஞ்சம் அடங்கும். அம்புட்டுத்தான் விசயம். மூளையைத் திறக்க மாட்டாங்க. எனக்கும் முதல்ல மண்டையத் திறப்பாங்கன்னுதான் நெனப்பு.

நோய் போயிருமான்னா போகாது. அதை நான் மறைக்க மாட்டேன். டாக்டரம்மாவும் மறைக்கல. "வலிப்பு இழுப்பு குறையும்மா, நின்னே போகும்னு நான் சொல்லல. நோய் உள்ளதான் இருக்கும்"னு நேராவே சொன்னாங்க.

உங்க மகளுக்கும் அந்த மைட்டோ நோயா? பாருங்க, பேரு மட்டும் நமக்கு நல்லாப் பாடமாயிருச்சு. ஒடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் கரண்டு தயார் பண்ற எடம் இருக்காம், அது நோஞ்சானாப் போச்சாம். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுனாங்க. எனக்கு விளங்கல. எங்க வீட்டுக்காரரு பொசுக்குனு புரிஞ்சுக்கிட்டாரு. "ஜெனரேட்டர் வீக்கா இருந்தா லைட்டு மினுங்குமே, அந்த மாதிரியா டாக்டர்?"னு கேட்டாரு. அவங்களும், "அட, நான் இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்றேன்"னுட்டாங்க. இவருக்குத் தலைகால் புரியல. ஊருக்குப் போற வரைக்கும் அதையே சொல்லிட்டு வந்தாரு.

அவரு சவுண்டு செட்டு வெச்சிருக்காருக்கா. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், எல்லாத்துக்கும் ரேடியோ கட்டுறவரு. பேரு சோலைராஜ். நல்ல மனுசன்தான். நல்ல மனுசன்னா, வாயில்லாத மனுசன். ஊரெல்லாம் அவரு ரேடியோ கத்தும், வீட்டுல அவரு கத்த மாட்டாரு. சமீபமா என்கிட்ட மட்டும் கொஞ்சம் சத்தமாப் பேசுறாரு, அதுவும் வலது பக்கமா வந்து நின்னுக்கிட்டு. ஜோசியக்காரன் யாராவது சொல்லியிருப்பான், பொண்டாட்டிக்கு இடது பக்கம் நிக்காதேன்னு. நானும் கேட்டுக்கிடல.

இவளுக்கு ரெண்டாங்கிளாஸ்லதான் ஆரம்பிச்சுச்சு. முதல்ல கையில இருக்கிற சிலேட்டுக்குச்சி துள்ளி விழும். அப்புறம் ஆளே விழுந்தா. மாத்திரை மேல மாத்திரை மாத்துனோம். ஒரு மாத்திரையை இங்க வந்ததும், "இது இந்த நோய்க்கு ஆகாது, ஈரலைக் கெடுத்துரும்"னு டாக்டரம்மா நிறுத்துனாங்க. இருக்கிற மாத்திரை எதுக்கும் அடங்கல. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன். எண்ணி என்ன, மெடலா குத்தப் போறாங்க?

அப்பத்தான் அவங்க அந்த வார்த்தையைச் சொன்னாங்க. இந்த நோயி பெரும்பாலும் தாய் வழியா வருதாம். "அம்மாவோட ரத்தத்தையும் ஒருக்காப் பார்த்துருவோம், காதையும் பார்த்துருவோம். இது யாரு தப்பும் இல்லம்மா"ன்னாங்க. நான் எந்திரிச்சுட்டேன். என்னையப் பார்த்தா நோயாளி மாதிரியாக்கா இருக்கு? பாறாங்கல்லு மாதிரி இருக்கேன். ஒரு நாளு ஆஸ்பத்திரின்னு எனக்காகப் படுத்தது கிடையாது. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், அது யாருக்கு வாங்காது? எங்க அம்மாவுக்குச் சின்ன வயசிலயே காது மந்தம். ஆனா அது நூல் மில்லு இரைச்சல்ல வந்தது. எங்க அண்ணன் வாய்க்கால்ல விழுந்து செத்தான். முழங்கால் தண்ணிதான், ஆனா அவனுக்கு நீச்சல் தெரியாது. இதையெல்லாம் டாக்டரம்மா தோண்டித் தோண்டிக் கேக்குறாங்க. ஊருல ஆயிரம் பேருக்கு ஆயிரம் இருக்கும். அதை எல்லாம் கொண்டாந்து என் தலையில கட்டுனா?

டாக்டரம்மா சொன்னதைக் கூட விட்டுருவேன். அவங்க படிச்சதைச் சொன்னாங்க. என் நாத்தனா சொன்னதைத்தான் விட மாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மூத்தவங்க, தங்கபுஷ்பம். பக்கத்துத் தெருவுலதான் வீடு. சேதி காதுக்குப் போன உடனே மாவு அரைச்ச கையோட வந்து நின்னாங்க. "அன்னைக்கே நான் சொன்னேன், அந்தக் குடும்பத்துல பொண்ணு எடுக்காதடா, ஆளுக்கு ஆளு சீக்குன்னு. இப்ப டாக்டரே சொல்லிட்டாங்க."

"மதினி, டாக்டரு தாய் வழின்னுதான் சொன்னாங்க, உங்க வாய் வழின்னு சொல்லல. நீங்க ஊரெல்லாம் பரப்பாதீங்க"ன்னேன்.

அவங்க இன்னும் அதை மறக்கல. நானும் மறக்கல.

சரி, மெஷினுக்கு வாரேன். சோலைராஜுக்கு மனசே இல்ல, "புள்ள நெஞ்சுல இரும்பை வைக்கணுமா"ன்னு மூலையில உக்காந்துட்டாரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். பயமில்லாம இல்லக்கா. ஆனா, பயந்துக்கிட்டுச் சும்மா இருந்தாலும் அவ விழத்தான் போறா. அப்ப ஏதாவது ஒண்ணைச் செஞ்சுட்டுப் பயப்படுவோம்னு போட்டேன்.

வெச்சாங்க. உடனே கரண்டை முழுசா விட மாட்டாங்க, தெரியும்ல? உலையில அரிசி போட்ட மாதிரி, கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவாங்க. அதுக்குத்தான் வந்து வந்து போகணும். ஏத்த ஏத்த ஒரு வேடிக்கை நடக்கும், இப்பவே சொல்லி வெச்சுடறேன், நீங்க மிரண்டுறாதீங்க. மெஷினு தட்டிக் கொடுக்கிற அந்த நேரம் மட்டும் புள்ள குரல் மாறும். கட்டைக் குரலாயிரும். அரை நிமிசம் கிழவன் மாதிரி பேசுவா, அப்புறம் பழைய குரலு வந்துரும்.

இது தெரியாம என் நாத்தனா வந்தாங்க. வெள்ளிக்கிழமை வேற. இவ அத்தையைப் பார்த்து ஆசையா, "வாங்க அத்த"ன்னு ஆரம்பிச்சா. பாதியில மெஷினு ஓடிருச்சு. "எப்ப வந்தீங்க?"ங்கிறது ஆம்பளைக் குரல்ல வருது. அவங்க பூக்கூடையை அப்படியே கீழ போட்டுட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க பாருங்க. "யாரு வந்திருக்கிறது? சொல்லு, யாரு வந்திருக்கிறது?"

இவ அதே கட்டைக் குரல்ல, "கனி வந்திருக்கேன் அத்த. முறுக்குக் கொண்டாந்தீங்களா?"ன்னா.

சிரிங்கக்கா, நல்லாச் சிரிங்க. நான் அன்னைக்கு அடுப்படியில போயி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். அவங்க ஒரு வாரம் இந்தப் பக்கமே வரல. நிம்மதியா இருந்துச்சு.

இழுப்பும் குறைஞ்சுச்சு. பொய் சொல்லல, நல்லாவே குறைஞ்சுச்சு. அதோட, இந்தா பாருங்க, இந்தக் காந்தம். கைக்கடிகாரம் மாதிரி பட்டையில மாட்டிக் கொடுத்திருக்காங்களா? மெஷினோட ரெண்டு கொடுப்பாங்க. இழுப்பு வரப் போகுதுன்னு தெரிஞ்சா, மெஷினு மேல இப்படி ஒரு தேய்ப்பு, தீக்குச்சி உரசுற மாதிரி. உடனே மெஷினு ஒரு தடவை கூடுதலாத் தட்டிக் கொடுக்கும். பாதி நாளு அதுலயே அடங்கிரும். ஊர்ல என் மவுசைப் பார்க்கணுமே! பக்கத்து வீட்டு மாரித்தாயி அவ பேரனைத் தூக்கிட்டு வந்து, "இவனுக்கும் ஒருக்காத் தேய்ச்சு விடு செம்பகம், ராத்திரியில பயந்து அழுகுறான்"ங்குறா. என் பேரு செண்பகவல்லி, ஊர்ல செம்பகம். தேய்ச்சு விட்டேன். அவன் சிரிச்சான். அவளுக்கு ஒரு திருப்தி.

ரெண்டு காந்தத்துல ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவருகிட்ட.

நல்லாத்தான் போச்சு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலு நெருங்கையில இழுப்புத் திரும்ப வர ஆரம்பிச்சுச்சு. முதல்ல ஒண்ணு ரெண்டு. அப்புறம் பழையபடிக்கு வந்துருச்சு. நான் காந்தத்தை எடுத்துத் தேய் தேய்னு தேய்க்கிறேன், ஒண்ணும் கேக்கல. குரலும் மாறல. அதை நான் அப்ப யோசிக்கல பாருங்க. புள்ள குரலு பழையபடிக்கு நல்லா இருக்கேன்னு சந்தோசம்தான் பட்டேன். சந்தோசம் மனுசனை எப்படிக் குருடாக்குது.

நாத்தனாவுக்குக் கேக்கணுமா? "தீட்டு இரும்பு. அதை எடுத்தாத்தான் அம்மன் மனசு இறங்கும். பொங்கலுக்குள்ள எடுத்துரு தம்பி." தினமும் வந்து இதே பாட்டு. அவரு பாவம், புள்ள விழுறதைப் பார்த்துப் பார்த்துப் பாதியா இளைச்சுட்டாரு. ஒரு நாள் என் முன்னால வந்து நின்னு, "செம்பகம், வேலை செய்யாத மெஷினைப் புள்ள எதுக்குச் சுமக்கணும்? எடுத்துருவோமா?"ன்னாரு.

"உங்க ரேடியோ செட்டு ஒரு நாள் பாடலைன்னா தூக்கிக் கிணத்துல போடுவீங்களா? எங்க வயரு விட்டுருக்குன்னு பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

"அப்ப இதையும் பாருங்க. எடுக்க விட மாட்டேன். எடுக்கணும்னா என்னைய அறுத்துட்டு எடுங்க."

சண்டைன்னா சண்டை. கடைசியில, ஆஸ்பத்திரிக்குப் போவோம், டாக்டரம்மா என்ன சொல்றாங்களோ அதுன்னு முடிவாச்சு. நாத்தனாவும் கூட வந்துட்டாங்க. மெஷினை எடுத்தாத்தான் வண்டி ஏறுவேன்னு, மாத்துச்சேலையோட.

அந்தா தெரியுதுல்ல, அந்த நீலக் கதவு. அந்த ரூமுலதான். ஓரமா ஒரு இரும்புக் கட்டில் கிடக்கும். அதுல கனியை உக்கார வெச்சோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைத் திறந்துக்கிட்டிருக்காங்க. நாத்தனா எனக்கு முந்திக்கிட்டு, "இதை எடுத்துருங்க டாக்டர், வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்"ங்குறாங்க. "எனக்குச் சம்மதமில்ல"ன்னு நான் கத்துறேன். அவரு சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. நர்ஸம்மா, "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க"ன்னு எங்களை விடச் சத்தமாக் கத்துது.

இந்தச் சத்தத்துக்குள்ள கனி கட்டில் கம்பி மேல நெஞ்சைச் சாய்ச்சு, எம்பி ஜன்னலை வேடிக்கை பார்த்திருக்கா. டக்குனு ஒரு சத்தம். "அம்மா!"ன்னா. திரும்பிப் பார்த்தா, புள்ள கம்பியோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா. இழுக்கிறா, வரல. "அம்மா, கட்டிலு என்னையப் பிடிச்சு வெச்சிருக்கும்மா!"

நாத்தனா, "தாயே, தாயே"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. டாக்டரம்மாதான் எந்திரிச்சு வந்து சட்டைப் பட்டனைக் கழட்டுனாங்க. உள்ள சிம்மீசுல, ஊக்கு குத்தி, ஒரு மஞ்சத்துணி முடிச்சு. சரியா மெஷினுக்கு மேல. அது கம்பியை விடாமக் கவ்விப் பிடிச்சிருக்கு.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும்க்கா. அவரு அந்தப் பங்குனி ஆரம்பத்துல கோயில்ல இருந்து கொண்டாந்தது. பூசாரி மந்திரிச்சுக் கொடுத்த விபூதி, அவுக்கக் கூடாதுன்னு சொன்னாரு. கனமாத்தான் இருந்துச்சு. உள்ள செப்புத்தகடு இருக்கும்போலன்னு நெனச்சேன். என் காந்தம் அங்கிட்டு இழுக்கையிலயும் என் கைதான் வெட்டுதுன்னு விட்டுட்டேன். சாமி முடிச்சைப் பொம்பளை அவுத்துப் பார்க்கலாமா, நீங்களே சொல்லுங்க? புள்ளையைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டி விடுறது தினமும் அவருதான். குனிஞ்சு தண்ணி மொண்டு ஊத்துனா எனக்குக் கால் பின்னிக்கிடும், அதனால அவரே எடுத்துக்கிட்டாரு. அவருக்கு வேற என்ன வேலை?

டாக்டரம்மா முடிச்சை அவுத்தாங்க. விபூதி கொட்டுச்சு. விபூதிக்குள்ள அந்தக் காந்தம். அவருகிட்ட இருந்த ரெண்டாவது காந்தம்.

அந்த மெஷினுல ஒரு சூட்சுமம் இருக்குக்கா. இதைத்தான் நீங்க நல்லாக் கேட்டுக்கணும். காந்தத்தைத் தேய்ச்சு எடுத்தா மெஷினு கூடுதலா வேலை செய்யும். தேய்ச்சு எடுக்காம மேலயே வெச்சிருந்தா, வெச்சிருக்கிற வரைக்கும் மெஷினு நின்னு போயிரும். அவசரத்துக்கு நிறுத்துறதுக்கே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்காங்க. அப்ப இத்தனை நாளா என்ன நடந்திருக்கு? புள்ள விழ விழ, அவரு பத்திரமா ஊக்குக் குத்தி மெஷினை நிறுத்தி வெச்சிருக்காரு.

"யோவ்!"னு கத்திட்டேன். புருசனை அப்படிக் கூப்பிட்டது அதான் முதல் தடவை. "யோவ், என்னய்யா செஞ்சு வெச்சிருக்க?"

அவரு அந்தக் காந்தத்தையே பார்த்துக்கிட்டுச் சொல்றாரு. "ஒருக்காத் தேய்ச்சாலே நிக்குதே செம்பகம். கூடவே இருந்தா வரவே வராதுன்னு நெனச்சேன். சாமி விபூதியும் காந்தமும் சேர்ந்து காக்கும்னு..." ரேடியோக்காரரு, காந்தத்துலயே புழங்குறவரு. காந்தம் பக்கத்துல இருந்தாத்தான் ஸ்பீக்கரு பாடும்னு அவரு கணக்கு.

அப்பத்தான் அந்த நர்ஸு இடையில வருது. "நான் டிஸ்சார்ஜ் அன்னைக்கே சொன்னேனே, மேலயே வெச்சிருந்தா நின்னுரும்னு."

"யாருகிட்டச் சொன்னீங்க?"ன்னேன்.

"உங்ககிட்டத்தான். சார் மாத்திரை வாங்கக் கீழ போயிருந்தாரு. நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. இந்த இடது பக்கம் நின்னு சொன்னேன், நீங்களும் தலையாட்டுனீங்க. வீட்டுல எல்லாருக்கும் சொல்லிருங்கன்னு கூடச் சொன்னேன்."

எப்படி இருக்கு பாருங்க கதை? நான் என்ன பூம்பூம் மாடா, கேக்காததுக்குத் தலையாட்ட? "என்கிட்ட நீங்க சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?"ன்னு பிடிச்சுக்கிட்டேன். நர்ஸும் விடல, நானும் விடல. டாக்டரம்மா என் மூஞ்சியை ஒரு மாதிரி பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. நாத்தனா என்னைய ஒரு பார்வை, நர்ஸை ஒரு பார்வை பார்த்துட்டு, "அப்ப இவகிட்டச் சொல்லித்தான் இருக்காங்க"ன்னு இழுத்தாங்க.

அப்ப எங்க வீட்டுக்காரரு வாயைத் திறந்தாரு. "செம்பகம் என்கிட்டச் சொல்லிருச்சு சிஸ்டர். அன்னைக்கே சொல்லிருச்சு. நான்தான் மறந்துட்டேன். தப்பு என்னோடது."

நான் எப்பக்கா சொன்னேன்? எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல? பதட்டத்துல என்னென்னமோ உளறுறாரு மனுசன். ஆனா ஒண்ணு, தப்பைத் தன் வாயாலயே ஒத்துக்கிட்டாருல்ல? அது போதும் எனக்கு. நாத்தனா அதுக்கப்புறம் அங்க நிக்கல. மாத்துச்சேலைப் பையைத் தூக்கிக்கிட்டு முத பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. நான் ஜெயிச்சுட்டேன். மெஷினு புள்ள நெஞ்சுலயே இருந்துருச்சு. காந்தத்தை எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே குரலு கட்டைக்குரலா மாறுச்சு. அந்தக் கட்டைக்குரலைக் கேட்டு நான் அழுத அழுகை இருக்கே! ஒரு பொட்டப்புள்ள ஆம்பளைக் குரல்ல பேசுறதைக் கேட்டு எந்தத் தாயாவது சந்தோசத்துல அழுதிருப்பாளா?

அவரு மேல இருந்த கோவம் எனக்கு இன்னும் போகல. சோறு போடுறேன், பேசுறேன், அது வேற. ஆனா கோவம் கோவம்தான். அவரு எல்லாத்துக்கும் முந்திக்கிட்டு வாராரு. தண்ணிக் குடத்தை வாங்கிக்கிடுறாரு, படியில கையைப் பிடிச்சுக்கிடுறாரு, வலது பக்கமே வந்து நிக்கிறாரு. குத்தம் செஞ்ச மனசு குறுகுறுக்கும்ல.

இப்ப இவ ஸ்கூலுக்குப் போறாக்கா. இழுப்பு வருது, இல்லைங்கல. ஆனா இடையில நல்ல நாளு வருது. ரெண்டு நாள் மூணு நாள் சேர்ந்தாப்ல வருது. ப்ரேயருல தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுறா. பாடையில பாதியில கட்டைக்குரலு வந்துரும், புள்ளைங்க சிரிச்சிருக்குக. டீச்சரம்மா, "கனி, நீ வாயை மட்டும் அசை"ன்னுருக்காங்க. மறுநாளே போய் நின்னேன். "டீச்சர், எம்மவ மெஷினு ஓடுனா கட்டைக்குரலுதான் வரும். மெஷினு ஓடலைன்னா கீழ விழுவா. உங்களுக்கு எது வேணும்?"னேன். இப்ப முதல் வரிசையில நின்னு பாடுறா. குரலு மாறுனதும் இன்னும் சத்தமாப் பாடுறா. என் புள்ள.

இன்னைக்குக் கரண்டை இன்னொரு புள்ளி ஏத்துறதுக்குத்தான் வந்தோம். அவரு உள்ள போயி டாக்டரம்மாகிட்ட என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்காரு. நான் இவளைத் தூங்க வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

போடுங்கக்கா கையெழுத்து. கழுத்துல சின்னத் தழும்பு, நெஞ்சுல சின்னத் தழும்பு. கேக்குறவங்க கேப்பாங்க. என்னையக் கேட்டாங்கன்னா, "மாட்டுக்குச் சூடு போடுறீங்க, மனுசனுக்குப் பச்சை குத்துறீங்க, எம்புள்ளைக்கு இது"ன்னு சொல்லிருவேன்.

என்னக்கா? என்ன, அங்க கையைக் காட்டுறீங்க? கூப்பிடுறாங்களா? கனிஷ்காவையா?

என்னையா? செண்பகவல்லின்னா? மூணு தடவையா? எனக்கு ஒண்ணும்... இந்தக் கூட்டத்துல எப்படிக் கேக்கும்?

அந்தா நிக்கிறாரு பாருங்க, கதவைப் பிடிச்சுக்கிட்டு. திருட்டு முழி. எனக்குத் தெரியாம என் பேரைக் கொடுத்துட்டாரு. ரத்தத்துக்கும் காதுக்கும். நான் முடியாதுன்னு எத்தனை தடவை சொல்லிட்டேன்! என்ன சொல்றாரு, கையைக் காட்டி? சும்மா ஒருக்கான்றாரு. கும்பிடுறாரு, பாருங்க! ஊரு முன்னால பொண்டாட்டியைக் கும்பிடுற ஆம்பளையை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

போறேன். ஏன் போகக் கூடாது? ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறவளா நான்? போயி ஒண்ணும் இல்லைன்னு இவங்க எல்லாத்துக்கும் காட்டிட்டு வர்றேன். அதுக்கப்புறம் என் நாத்தனா வாயைத் திறக்கட்டும்.

இருந்தாங்கிறீங்களா?

இருந்தா என்னக்கா? இவ மூக்கும் முழியும் என்கிட்ட இருந்து வந்ததுதான். வாய் இருக்கே வாய், அது முழுக்க முழுக்க என்னோடது. அதையெல்லாம் யாரும் திருப்பிக் கொடுன்னு கேக்கலையே. நோயி மட்டும் என்ன, நான் ஆசைப்பட்டுக் கடையில வாங்கிக் கொடுத்தேனா? இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கிடுறோம்.

கொஞ்சம் இவ தலையை உங்க மடிக்கு மாத்திக்கிடுங்க. மெதுவா. அவ்வளவுதான். இந்தாங்க, காந்தத்தைக் கையில வெச்சுக்கோங்க. பயப்படாமப் பிடிங்கக்கா, கடிக்காது. அவ வலது கை விரலு துள்ளுச்சுன்னா வரப் போகுதுன்னு அர்த்தம். உடனே மேட்டு மேல ஒரே தேய்ப்பு, எடுத்துரணும். மேலயே வெச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. வெச்சா நின்னுரும். எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லல, நான் உங்களுக்குச் சொல்லிட்டேன்.

தேய்ச்சு, எடுத்துரணும். கேட்டுச்சா?

சும்மா தலையை ஆட்டாதீங்கக்கா, வாயைத் திறந்து சொல்லுங்க. நல்லாக் கேட்டுச்சா?